வெதுவெதுப்பு போதும்

வார்த்தை ஒன்றுதான். "உனக்குப் புரியாது பாப்பா." போன வாரம் சாப்பாட்டு மேஜையில் எஞ்சினியரம்மாவின் வாயிலிருந்து அது தவறி விழுந்தது, நாத்தனார் பாப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு கிடையாது.

ஒரே வீடு, ஒரே குளியலறை. போதாக்குறைக்கு வேலை பார்ப்பதும் ஒரே ஆஸ்பத்திரியில். அங்கே கட்டடங்களுக்குச் சூடும் குளிர்ச்சியும் கொடுக்கிற பிரிவுக்கு எஞ்சினியரம்மா தலைமை. பிரசவ வார்டுக்குப் பாப்பா தலைமை நர்ஸ். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் பாப்பா ஆனாள். நாற்பது தாண்டியும் அந்தப் பெயரிலிருந்து அவளுக்கு விடுதலை இல்லை.

பேச்சு இல்லை என்பதற்காகக் குடித்தனம் நிற்குமா? எல்லாம் வாத்தியார் வழியாக நடந்தது. அவர்தான் எஞ்சினியரம்மாவுக்குக் கணவர், பாப்பாவுக்கு அண்ணன். பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுக்கிறவர்.

"அண்ணா, குளியலறை காலியான்னு கேளு."

"ஏங்க, காலின்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் நிற்பார்கள். நடுவில் நிற்கும் வாத்தியார் இந்தப் பக்கம் ஒரு தலையாட்டல், அந்தப் பக்கம் ஒரு தலையாட்டல் போட்டுவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்.

சண்டைக்குக் காரணம் பாய்லர். ஆஸ்பத்திரியின் பழைய பாய்லர்களை நிறுத்திவிட்டுப் புகையில்லாத ஹீட் பம்புகளுக்கு மாறுகிறார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்தால் சூடாக இருக்குமே, அதே சங்கதிதான், பெரிய அளவில். ஆபரேஷன் தியேட்டரையும் ரத்தப் பரிசோதனை லேபையும் குளிர வைக்கும்போது இத்தனை வருஷமாகக் கூரை வழியே வெளியே கொட்டிய சூட்டை, இனி குழாயில் பிடித்து, வெந்நீராக வார்டுகளின் சுவரோர ரேடியேட்டர்களுக்கு அனுப்பலாம். எஞ்சினியரம்மாவுக்கு இது வேலை மட்டுமில்லை, ஆசையும் கூட. பாய்லர் புகையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

ஆனால் இதற்காக ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட முடியாது. நோயாளிகள் படுத்திருக்க, ஒவ்வொரு வார்டாக மாற்ற வேண்டும். "பிறந்த குழந்தைங்க இருக்கிற இடம். எங்க வார்டைக் கடைசியா வெச்சுக்கங்களேன் அண்ணி," என்று பாப்பா கேட்டாள். அதற்கு வந்த பதில்தான் அந்தப் "புரியாது."

பாப்பாவுக்கு வேறு ஒரு வருத்தமும் உண்டு. தினமும் கேன்டீனில் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற லேப்காரர் கொஞ்ச நாளாக அந்தப் பக்கமே தலை காட்டுவதில்லை. கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இன்று பிரசவ வார்டின் முறை.

வெளியே விடியும்போதே மழை. காற்றில் குளிர் ஊசியாகக் குத்தியது. எஞ்சினியரம்மா ஷூவை மாட்டியபடி கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பாப்பாகிட்ட ஒண்ணு மறக்காம சொல்லணும். பழைய மாதிரி ரேடியேட்டர் இனிமே கொதிக்காது. தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கும். அது ரிப்பேர் இல்ல, அதுதான் சரி. கையால தொட்டுப் பார்த்துட்டு எல்லாரையும் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. இதையெல்லாம் விளக்கின மீட்டிங்குக்கு வராதவளுக்கு வேற எப்படித்தான் சொல்றது?"

கடைசி வாக்கியத்தில் காரம் கொஞ்சம் தூக்கல்தான். வாத்தியார் மாடிப்படி ஏறினார். மேலே பாப்பாவின் குரல் படபடவென்று எதையோ சொல்வது கேட்டது. இறங்கி வந்த வாத்தியார் முகத்தில் ஒரு சாந்தம்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஆல் தி பெஸ்ட் சொன்னா."

எஞ்சினியரம்மாவின் மனசு சட்டென்று இளகியது. பிடிவாதக்காரிதான், ஆனாலும் நல்லவள் என்று நினைத்துக்கொண்டே குடையை விரித்தாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் இயந்திர அறையில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. ஒரு பக்கம் பழைய பாய்லர்கள், வயசான யானைகள் மாதிரி. மறுபக்கம் புது ஹீட் பம்புகள், வரிசையாக, சத்தமே இல்லாமல். அவளுடைய வலது கையான ஃபிட்டர் வால்வில் கை வைத்துக் காத்திருந்தார்.

"பிரசவ வார்டு லைனைத் திருப்பிடலாமா மேடம்?"

"திருப்புங்க."

அவ்வளவுதான். ஒரு வால்வு மூடி ஒரு வால்வு திறந்தது. இதற்காக இரண்டு வருஷம் அலைந்தவளுக்கு, கை தட்டக்கூட ஆளில்லை. ஃபிட்டர் மட்டும் இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்தார். அதுவே பெரிய விழாவாக இருந்தது அவளுக்கு.

டீ ஆறுவதற்குள் பெரிய டாக்டரிடமிருந்து போன்.

"மேடம், மதியம் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த வார்டு இருபத்து நாலு டிகிரியில இருக்கணும். இல்லேன்னா பாய்லருக்கே திரும்பிடுங்க. குழந்தைங்க விஷயத்துல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். உங்க மாற்றத்தை எல்லாம் அடுத்த வருஷம் பேசிக்கலாம்."

"இருக்கும் டாக்டர். ஒரு குழந்தைகூட நடுங்காது. அது என் பொறுப்பு."

வாயைக் கொடுத்துவிட்டாள். இனி வார்டு குளிர்ந்தால் இந்த வார்டு மட்டுமல்ல, அடுத்து வரிசையில் நிற்கும் எல்லா வார்டுகளும் நின்றுபோகும். பாப்பாவின் முகத்தில் வேறு முழிக்க முடியாது.

கம்ப்யூட்டர் திரையில் பிரசவ வார்டு கொஞ்ச நேரம் இறங்கிற்று. இருபத்து மூன்று, இருபத்திரண்டு. அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். பிறகு எண் ஏற ஆரம்பித்தது. இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தேழு.

"பார்த்தீங்களா, வார்டு ஜம்முனு இருக்கு! சூடு ஜாஸ்தியாகி வால்வு தானாவே மூடிடுச்சு," என்றார் ஃபிட்டர்.

அவள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது மறுபடி போன் அடித்தது. பிரசவ வார்டிலிருந்து சின்ன சிஸ்டர்.

"மேடம், இங்க ரொம்பக் குளிருது. பெரிய சிஸ்டர் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"குளிருதா? இங்க இருபத்தேழு காட்டுதும்மா! உங்களுக்கு..."

'புரியாது' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போன வாரம் பட்ட பாடு போதாதா? கடித்து விழுங்கினாள்.

"நானே வர்றேன்," என்று போனை வைத்தாள்.

வார்டுக்குள் நுழைந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, பொய் சொல்வது திரைதான் என்று. முகத்தில் ஜில்லென்று காற்று பட்டது. தாய்மார்கள் கழுத்து வரை போர்த்திக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு இரண்டு துணி சுற்றித் தலையில் குல்லா போட்டிருந்தது. நல்லவேளை, யாரும் நடுங்கவில்லை. பாப்பா அதற்குள் ஒவ்வொன்றையும் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைத்திருந்தாள். ஜன்னலோரக் கட்டில்கள் எல்லாம் உள்பக்கமாக நகர்ந்திருந்தன.

பாப்பா வார்டு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். பிறகு சின்ன சிஸ்டரைப் பார்த்துப் பேசினாள்.

"அவங்ககிட்ட சொல்லும்மா, ரேடியேட்டர் செத்துப் போச்சு. காலைல வெதுவெதுன்னு இருந்துச்சு, இப்போ அதுவும் இல்ல. ஐஸ் கட்டி."

எஞ்சினியரம்மாவும் சின்ன சிஸ்டரைப் பார்த்தே கேட்டாள். "காலைல வெதுவெதுன்னு இருந்தப்போ என்ன பண்ணாங்கன்னு கேளும்மா."

"ஸ்டோர்ல இருந்த பிளக் ஹீட்டரைக் கொண்டு வந்து வெச்சேன்னு சொல்லு. வேற என்ன பண்ணுவாங்க? பிறந்த குழந்தைங்களைக் குளிர்ல போட முடியுமா?"

"எங்க வெச்சாங்கன்னு கேளு."

பாவம் அந்தப் பெண். இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை என்று கழுத்தைத் திருப்பித் திருப்பியே களைத்துப்போனாள்.

ஓரத்துக் கட்டிலில், நேற்றுத்தான் பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி தலையைத் தூக்கினாள். "சிஸ்டர், நீங்க ரெண்டு பேரும் நேராவே பேசிக்கக் கூடாதா? பார்க்கிற எனக்கே தலை சுத்துது."

வார்டு முழுக்கக் கிசுகிசுவென்று சிரிப்பு. பாப்பாவின் காது சிவந்தது. எஞ்சினியரம்மா சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். சுவரில், தோள் உயரத்தில், வார்டின் சூட்டை அளந்து கீழே திரைக்குச் சொல்லும் சின்ன வெள்ளைப் பெட்டி. அதற்கு நேர் கீழே மேஜை போட்டு, அதன் மேல் பிளக் ஹீட்டர் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ பாப்பா," என்றாள். நேராகவே. "இதுக்கடியில போய் வெச்சிருக்கியே! இந்தப் பெட்டி சூடாகி, வார்டே கொதிக்குதுன்னு நினைச்சுக்கிச்சு. அதனாலதான் ரேடியேட்டருக்கு வர்ற தண்ணி நின்னு போச்சு."

பாப்பா பாய்ந்து போய் ஹீட்டரை அணைத்துத் தூக்கி வெளியே வைத்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? தொட்டேன், சுடல. கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன்."

"சுடாது பாப்பா. வெதுவெதுப்பு போதும், அதுலயே அறை சூடாயிடும். காலைல உங்க அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினேனே!"

"அண்ணனா? நீங்க என்னை ரொம்ப விசாரிச்சதா மட்டும்தான் சொன்னான்."

"விசாரிச்சேனா?"

"சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு கேட்டீங்களாம்."

எஞ்சினியரம்மாவுக்கு ஏதோ பொறி தட்டியது. "நீ ஆல் தி பெஸ்ட் சொல்லலையா?"

"ஆல் தி பெஸ்ட்டா? நானா? நான் சொன்னது வேற. 'எங்க வார்டுல ஜன்னல் எல்லாம் எப்பவும் அட்டை சொருகித் திறந்துதான் இருக்கும். அதைக்கூடக் கேட்டுத் தெரிஞ்சுக்காத எஞ்சினியருக்கு மட்டும் என்ன புரியுமாம்'னு கேக்கச் சொன்னேன்."

"என்னது, ஜன்னலா?"

எஞ்சினியரம்மா திரைச்சீலையை ஒதுக்கினாள். ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் மருந்துப் பெட்டி அட்டையை நாலாக மடித்துச் சொருகி, விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தது. அந்த இடுக்குகள் வழியாக மழைக்காற்று சுகமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் இந்த வார்டை அளந்தது ஒரு கோடையில். கோடையில் ஜன்னல் திறந்திருந்தால் யார் கேள்வி கேட்பார்கள்?

"குளிர்காலத்துல எதுக்குத் திறந்து வெச்சீங்க?"

"உங்க பாய்லர் லட்சணம் அப்படி! பத்த வெச்சா அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும். குறைக்க வழி கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த சிஸ்டர் காலத்துல இருந்தே இதுதான் பழக்கம். ஷிப்டுக்கு வந்ததும் முதல் வேலை அட்டை சரியா இருக்கான்னு பார்க்கறது. இன்னைக்கும் அதை மூடணும்னு யாருக்கும் தோணவே இல்ல."

"ஓஹோ, நாங்க கீழ எண்ணெய்யை எரிச்சோம், நீங்க மேல ஜன்னல் வழியா வெளியே விட்டீங்க."

"ஆமா."

"இத்தனை வருஷமா."

"ஆமா அண்ணி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்வது கஷ்டம். தூங்கும் குழந்தைகள் எழுந்துவிடக் கூடாதே என்று பாப்பா புறங்கையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். எஞ்சினியரம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மனுஷன் பசங்களுக்குச் சுருக்கி எழுதறது எப்படின்னு பாடம் நடத்துவார்," என்றாள். "வீட்டுலயும் சுருக்கிட்டார்."

ஆனால் சிரித்துக்கொண்டு நிற்க நேரம் ஏது? ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வர அதிகம் போனால் ஒரு மணி நேரம். அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். வருஷக்கணக்கில் திறந்தே இருந்த ஜன்னல்கள் மூடுவேனா என்றன. எஞ்சினியரம்மா தோளைக் கொடுத்துத் தள்ளினாள், பாப்பா கொண்டியைப் போட்டாள். ஓரத்து ஜன்னல் மட்டும் சட்டம் வீங்கி எந்த வைத்தியத்துக்கும் மசியவில்லை.

"தச்சரைக் கூப்பிடணும்," என்றாள் எஞ்சினியரம்மா.

"அவர் வர்றதுக்குள்ள டாக்டர் வந்துடுவார்." பாப்பா அலமாரியைத் திறந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரிச் சுருள் ஒன்றை எடுத்தாள். நறுக் நறுக்கென்று கிழித்துக் கொடுத்தாள். அண்ணி இடுக்கைச் சுற்றி ஒட்டினாள். ஜன்னலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. காற்று நின்றது.

பிறகு காத்திருந்தார்கள். காத்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலை எதுவும் இல்லை. சுவர்ப் பெட்டி முதலில் கீழே போனது. உண்மை நிலவரத்துக்கு வந்ததும் இருபதில் நின்றது. எஞ்சினியரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறலைன்னா?" என்று பாப்பா மெதுவாகக் கேட்டாள்.

"ஏறும்."

"ஏறலைன்னா நான் டாக்டர்கிட்ட சொல்றேன். ஹீட்டரை வெச்சது நான், ஜன்னலைத் திறந்ததும் நாங்கதான்."

எஞ்சினியரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். இந்த ஒரு வாரம் மனசுக்குள் கிடந்தது அப்போது வெளியே வந்தது.

"நான் சொன்னது தப்பு பாப்பா. உனக்குப் புரியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாது. இந்த வார்டு உனக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியாது. அன்னைக்கே உன்னை உட்கார வெச்சுக் கேட்டிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது."

"மீட்டிங்குக்கு வந்திருந்தா நானும் இந்தக் கூத்து அடிச்சிருக்க மாட்டேன்," என்றாள் பாப்பா. "வேணும்னுதான் லீவு போட்டேன். கோபம்."

"தெரியும்."

ரேடியேட்டருக்குள் தண்ணீர் மறுபடி ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது. பெட்டியில் எண் ஒன்று ஏறிற்று. பிறகு இன்னொன்று.

"இந்தச் சூடு எங்கிருந்து வருது அண்ணி?" என்று பாப்பா கேட்டாள். ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பாதி தியேட்டர்ல இருந்து, பாதி நம்ம ரத்த லேப்ல இருந்து. அங்க இருக்கிற ஃப்ரிட்ஜெல்லாம் வெளியே விடற சூடுதான் இங்க உன் குழந்தைங்களுக்கு."

"லேப்ல இருந்தா?" பாப்பா சட்டென்று குனிந்து ஒரு குழந்தையின் குல்லாவைச் சரி செய்தாள். ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. எஞ்சினியரம்மா கவனித்தாள், கேட்கவில்லை.

பெரிய டாக்டர் வந்தபோது இருபத்து மூன்றரை. அவர் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நேராகப் போய் ரேடியேட்டர் மேல் கை வைத்தார். புருவம் நெறிந்தது.

"என்ன மேடம், இது சுடவே இல்லையே?"

எஞ்சினியரம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாப்பா முன்னால் வந்தாள்.

"சுடாது டாக்டர். அதுதான் சரி. வெதுவெதுப்பு போதும். கையை எடுத்துட்டுச் சுவத்துப் பெட்டியைப் பாருங்க. நீங்க கடைசிக் கட்டிலுக்குப் போறதுக்குள்ள இருபத்து நாலு வரும். ஜன்னல் ஒண்ணு மூட மாட்டேங்குது, அதுக்கு மட்டும் ஆள் அனுப்பச் சொல்லுங்க."

அவள் குரலில் இருந்த அதிகாரத்தில் டாக்டர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கட்டில் கட்டிலாகப் போனார். குழந்தைகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் கதகதப்பாக இருந்தன. கடைசிக் கட்டிலில் நின்று திரும்பிப் பார்த்தபோது பெட்டியில் இருபத்து நான்கு.

"சரி, பாய்லர் வேண்டாம்," என்றார். "அடுத்த வார்டை எப்போ மாத்தறீங்க?"

"அந்த வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்," என்றாள் எஞ்சினியரம்மா.

பாப்பாவுக்கு அது காதில் விழுந்தது. மனசு நிறைந்துபோனது அவளுக்கு. அண்ணிக்கும்தான்.

சாயங்காலம் ஒரே குடையில் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே சிரிப்புச் சத்தம். கதவைத் திறந்த வாத்தியார் இந்தக் காட்சியைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"பார்த்தீங்களா? எல்லாம் தானா சரியாகும்னு எனக்கு அப்பவே தெரியும்!"

"ஏங்க, உள்ள வந்து உட்காருங்க," என்றாள் மனைவி. குரலில் தேன் சொட்டியது. அந்தக் குரல் அவருக்கு நல்லதில்லை என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்த விஷயம். உட்கார்ந்தார்.

"நான் ஜன்னலைப் பத்திச் சொன்னது எங்க போச்சு அண்ணா?"

"நான் ரேடியேட்டரைப் பத்திச் சொன்னது எங்கங்க போச்சு?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் சொன்னதுல ரொம்பக் காரம் இருந்துச்சு. காரத்தை எடுத்தேன். கூடவே விஷயமும் போயிடுச்சு போல."

"போல!" என்றாள் மனைவி. அவளால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. மறுபடி சிரிப்புத்தான் வந்தது. "இனிமே நாங்க நேராவே பேசிக்கறோம். உங்களுக்கு உத்தியோகம் போச்சு. ஆமா, இது மாதிரி இன்னும் எத்தனை சேதியை முழுங்கி வெச்சிருக்கீங்க?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் வாத்தியார் சிரிக்கவில்லை. கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணா?"

"ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா. கொஞ்ச நாள் முன்னாடி, நீ நைட் ஷிப்டு முடிஞ்சு தூங்கிட்டிருந்தே. அந்த லேப்காரர் வீட்டுக்கு வந்தார்."

பாப்பாவின் கையில் இருந்த ஈரக் குடை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"வந்தவர் உன் கல்யாணத்தைப் பத்தி என்கிட்ட ஒரு விஷயம் கேட்டார். நான் பதில் சொன்னேன். கொஞ்சம் சுருக்கமா சொல்லிட்டேன்னு இப்போ தோணுது."

எஞ்சினியரம்மா நாத்தனாரின் தோளில் கை வைத்தாள். பாப்பா அண்ணனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னே. ஒரு வார்த்தைகூட மாத்தாம சொல்லு அண்ணா."